கதைகளில் கரண்ட் வைப்பது

தமிழ்க் கதைகளில் பைத்தியத்துக்குப் பஞ்சம் கிடையாது, நோயாளிக்குத்தான் பஞ்சம். காதலில் தோற்றவன், குழந்தையைப் பறிகொடுத்தவள், சொத்தை இழந்த மிராசுதார் என்று, கதாசிரியருக்குத் தேவைப்படும்போதெல்லாம் யாராவது ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது. தேவை தீர்ந்ததும் தெளிந்தும் விடுகிறது. தெளிவதற்குத் தலையில் ஓர் அடி போதும். அல்லது பழைய பாட்டு ஒன்று. அல்லது ஆஸ்பத்திரியில் மின்சாரம். இந்த மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற இரண்டாலும் கதைகள் கெட்டனவே தவிர, வாசகருக்குப் பெரிய தீங்கு எதுவும் வரவில்லை. மின்சாரத்தின் விஷயம் அப்படி அல்ல.

நம்மில் பெரும்பாலோர் ஒரு நோயாளிக்கு மின்அதிர்வு சிகிச்சை கொடுப்பதை நேரில் பார்த்தவர்கள் இல்லை. 'ஷாக் ட்ரீட்மெண்ட்' என்றும் 'கரண்ட் வைப்பது' என்றும் பேச்சில் அடிபடும் அந்த விஷயத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கதையிலும் சினிமாவிலும் பார்த்ததுதான். ஒருநாள் சொந்த வீட்டிலேயே ஒருவருக்கு மனச்சிதைவு என்று ஆகி, டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்று வையுங்கள். கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று நிச்சயிப்பது அந்த சினிமாக் காட்சிதான். கதாசிரியர்கள் இவ்வளவு பெரிய பொறுப்பை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பொறுப்பு வந்து சேர்ந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலை ஒன்றில் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். நாவலாசிரியனுக்கு இப்படி நினைத்துக்கொள்ள உரிமை உண்டு. முதலில் வேலைக்குப் போவதை நிறுத்துகிறான். சூப்பர்வைசர் சுவருக்குள்ளிருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்கிறான். பிறகு பேச்சு குறைகிறது, சாப்பாடு குறைகிறது. கடைசியில் தூக்கிய கையை இறக்காமல் மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். அவன் தாய் முதலில் எங்கே போவாள்? திருவள்ளூருக்குத்தான் போவாள். அங்கே இருக்கும் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றே பெயர். குளத்துக்கு ஹ்ருத்தாபநாசினி என்று பெயர். நெஞ்சின் தாபத்தை நீக்குவது என்று அர்த்தம். அமாவாசையில் அந்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் நோயும் கரையும் என்று ஜனங்கள் காலங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். சித்தம் கலங்கியவர்களை அழைத்துப் போவதற்கு இன்னும் சற்று மேற்கே சோளிங்கர் இருக்கிறது. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெல்லம் கரைத்து யாருக்கும் உயிர் போனதில்லை. ஆனால் அந்தப் பையன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இரண்டு அமாவாசை காத்திருக்க அவன் உடம்பு தாங்காது.

ஆகவே மூர்மார்க்கெட் போகும் மின்சார ரயில். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று வரும் அந்தப் பாதையும், திருவள்ளூரிலிருந்து திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர் வழியாக வரும் பாதையும் பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் வந்து சேர்கின்றன. அதற்கு அப்பால் போகும் இடத்தின் பெயரைச் சொல்லத்தான் தாய்க்கு நா எழவில்லை. கீழ்ப்பாக்கம் என்பது சென்னையில் ஒரு பேட்டையின் பெயர். ஆனால் தமிழ்நாடு முழுவதும் அது ஒரு வசவாகிவிட்டது. 1794ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கி, 1871ல் இப்போதைய இடத்துக்கு வந்த ஆஸ்பத்திரி அது. 1961 முதல் 1978 வரை டாக்டர் சாரதா மேனன் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்காகவே 1984ல் 'ஸ்கார்ஃப்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தவரும் அவரே. இவ்வளவு இருந்தும் நம் சினிமாவின் நகைச்சுவைப் பகுதிக்குக் கீழ்ப்பாக்கம் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்து வந்திருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் பூர்வ கதையே ஒரு நாவலுக்குப் போதும். 1934ல் புடாபெஸ்டில் மெடூனா என்ற டாக்டர், காக்காய் வலிப்பும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்று இருக்கும் மூளையில் மற்றது தங்காது என்று நம்பினார். சூடத்திலிருந்து எடுத்த மருந்தை ஊசி போட்டு நோயாளிகளுக்கு வலிப்பு வரவழைத்தார். அவருடைய நம்பிக்கை தவறு. இரண்டு நோயும் ஒரே ஆளிடம் இருப்பது உண்டு. தவறான நம்பிக்கையிலிருந்து சிலருக்கு நிஜமான குணம் கிடைத்தது என்பதுதான் வேடிக்கை. 1938 ஏப்ரலில் ரோமாபுரியில் செர்லெத்தி, பினி என்ற இருவர் ஊசிக்குப் பதில் மின்சாரத்தைப் பிரயோகித்தார்கள். கசாப்புக் கூடத்தில் பன்றிகளுக்கு மின்சாரம் வைப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் செர்லெத்தி. முதல் நோயாளி, ரயில் நிலையத்தில் அர்த்தமில்லாமல் பேசிக்கொண்டு திரிந்த ஒரு மனிதன். முதல் தடவை மின்சாரம் போதவில்லை. இன்னொரு தடவை வைக்கலாமா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டபோது, அதுவரை உளறிக்கொண்டிருந்தவன் தெள்ளத் தெளிவாக, வேண்டாம், இது சாவு என்று ஆட்சேபித்தானாம். செர்லெத்தியே பிற்பாடு எழுதி வைத்த செய்தி இது. ஆட்சேபித்தும் வைத்தார்கள். அவன் தேறி வீட்டுக்குப் போனான். பிறகு குரல்கள் திரும்பி வந்தன.

ஒரே ஆளிடம் எல்லாம் இருக்கின்றன: சம்மதம் இல்லாமை, குணம், மறுபடியும் நோய். கதாசிரியர்கள் இதில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அல்லது இரண்டாவதை மட்டும். மூன்றாவதை யாரும் தொடவில்லை.

முதலாவதை எடுத்துக்கொண்டவர்களில் பெரியவர் அமெரிக்காவின் கென் கீசி. அவருடைய 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' 1962ல் வந்தது. 1975ல் மிலோஷ் ஃபோர்மன் அதைப் படமாக எடுத்து ஐந்து முக்கியமான ஆஸ்கார் பரிசுகளையும் வாங்கினார். மெக்மர்ஃபி என்ற முரடன், சிறைத் தண்டனையிலிருந்து தப்பிக்கப் பைத்தியக்கார வேஷம் போட்டு ஆஸ்பத்திரிக்குள் வருகிறான். எல்லோரையும் சிரிக்க வைக்கிறான். அங்கே ஆட்சி செய்யும் நர்ஸை எதிர்க்கிறான். அவனை அடக்க மின்சாரம் வைக்கிறார்கள். அதுவும் போதாமல் மூளையில் கத்தி வைக்கிறார்கள். மலையாளத்தில் பிரியதர்ஷன் இதிலிருந்து 1986ல் 'தாளவட்டம்' எடுத்தார். அதுவே 1988ல் பிரபு நடித்த 'மனசுக்குள் மத்தாப்பு' ஆகத் தமிழுக்கு வந்தது. நர்ஸின் அதிகார வெறி நம் ஊருக்கு வரும்போது ஒரு தகப்பனாரின் காதல் எதிர்ப்பாக மாறிவிட்டது. பெண்ணைப் பெற்ற டாக்டர், பெண் காதலித்த நோயாளியின் மூளையை அறுக்கிறார். சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் மனநல டாக்டர் என்றால் கத்தி வைத்திருக்கும் மாமனார் என்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் மனசில் பதிந்துபோனது சிரித்துவிட்டு நகரக்கூடிய விஷயம் அல்ல.

இந்தப் பரம்பரையில் காணாமல் போனது என்ன என்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கீசியின் நாவலைச் சொல்லுகிறவன் மெக்மர்ஃபி அல்ல. மூலையில் துடைப்பத்தோடு நிற்கும் ப்ரோம்டன் என்ற செவ்விந்தியன் சொல்லுகிறான். மெய்யாகவே மனம் சிதைந்தவன் அவன்தான். இருநூறுக்கு மேற்பட்ட தடவை மின்சாரம் வாங்கியவனும் அவன்தான். வார்டு முழுவதும் இயந்திரம் வைத்துப் பனிமூட்டம் விடுகிறார்கள், சுவருக்குப் பின்னால் சக்கரங்கள் ஓடுகின்றன என்று அவன் சொல்லும்போது, பைத்தியத்தின் உள்பக்கத்தை நாம் கொஞ்சம் பார்த்துவிடுகிறோம். சினிமா அவன் வாயை மூடி மூலையில் நிறுத்திவிட்டது. கீசிக்கே அதில் வருத்தம் உண்டு. நம் ஊர் நகல்களோ சினிமாவைப் பார்த்து எடுத்தவை. நாவலைப் படித்து எடுத்தவை அல்ல. ஆகவே மனச்சிதைவு நோயாளி அமெரிக்காவிலேயே இறங்கிக்கொண்டான். சித்த சுவாதீனமுள்ள கதாநாயகனும் கொடுமைக்கார டாக்டரும் மட்டும் கப்பலேறி வந்தார்கள். நல்ல புத்தியுள்ள ஒருவனுக்கு மின்சாரம் வைத்தால் அது சித்திரவதைதான்; அதை நிரூபிக்க ஒரு நாவலோ படமோ தேவையில்லை. நோய் இருக்கிறவனுக்கு வைத்தால் என்ன என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நேர்மையாக முகம் கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள். இருவரும் ஆஸ்பத்திரியை உள்ளிருந்து பார்த்தவர்கள். சில்வியா பிளாத்தின் 'த பெல் ஜார்' 1963ல் வெளிவந்தது. அதன் கதாநாயகிக்கு இருப்பது மனச்சிதைவு அல்ல, ஆழ்ந்த மனச்சோர்வு. ஆனாலும் நம் விஷயத்துக்கு அந்த நாவல் ஒரு பாடம். அவளுக்கு இரண்டு இடங்களில் ஒரே சிகிச்சை நடக்கிறது. முதல் இடத்தில் டாக்டர் எதையும் விளக்குவதில்லை. வேதனை எலும்பு வரை போகிறது. இரண்டாவது இடத்தில் ஒரு பெண் டாக்டர் பக்கத்தில் நிற்கிறார், முன்கூட்டிச் சொல்கிறார், தூங்கி எழுந்தது போல் முடிந்துவிடுகிறது. மின்சாரம் இரண்டிலும் மின்சாரம்தான். யார் வைக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள், சொல்லிவிட்டு வைக்கிறார்களா என்பதுதான் வித்தியாசம். இதைப் பிளாத் பிரசங்கம் செய்யாமல், இரண்டு காட்சிகளை எழுதி நிறுத்திக்கொண்டார்.

நியூசிலாந்தின் ஜேனட் ஃப்ரேமின் கதை இதைவிடப் பயங்கரமானது. மனச்சிதைவு என்று தப்பாக முத்திரை குத்தி அவரைச் சுமார் எட்டு வருஷம் ஆஸ்பத்திரிகளில் வைத்து, இருநூறு தடவை வரை மின்சாரம் வைத்தார்கள். மூளையை அறுக்கவும் நாள் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு ஒரு பரிசு கிடைத்த செய்தி பத்திரிகையில் வந்தது; ஆஸ்பத்திரித் தலைவர் அதைப் பார்த்துவிட்டு அறுவையை நிறுத்தினார். இலக்கியப் பரிசுகளைப் பற்றி எனக்கு அவ்வளவாக மதிப்பு கிடையாது. ஆனால் ஒரு பரிசு ஒரு மூளையைக் காப்பாற்றியது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். பிற்பாடு லண்டன் டாக்டர்கள் அவருக்கு மனச்சிதைவு என்றுமே இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1961ல் வந்த அவருடைய 'ஃபேஸஸ் இன் த வாட்டர்' நாவலில், இன்று யார் பெயர் வாசிக்கப்படும் என்று காலைகளில் வார்டில் காத்திருக்கும் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைப் போலப் பயம் நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆகவே சினிமா உண்டாக்கிய அச்சம் முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் நினைவோடு இருக்கிறவனுக்கு மின்சாரம் வைத்த காலம் ஒன்று இருந்தது. முதுகெலும்பு முறிந்தது, நாக்கு கடிபட்டது. தளர்த்தும் மருந்து 1950களிலேயே வந்துவிட்டது. மயக்க மருந்து கொடுக்க டாக்டர் இல்லை, பணம் இல்லை என்ற சாக்கில் நம் நாட்டில் பல இடங்களில் பழைய முறையே வெகு காலம் நீடித்தது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அதைத் திட்டவட்டமாகத் தடை செய்தது. அவசரம் என்ற காரணத்தைச் சொல்லி மின்சாரம் வைக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வைப்பதானால் பெற்றோர் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். சங்கிலியால் கட்டுவதையும் அதே பிரிவு தடுக்கிறது. 2001 ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த மன நோயாளிகள் ஓட முடியாமல் வெந்து மடிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்றைக்கு ஒழுங்காக நடக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? வெறும் வயிற்றில் அழைத்துப் போகிறார்கள். நரம்பில் மயக்க மருந்து ஏற்றுகிறார்கள். பிறகு தசை தளரும் மருந்து. வாயில் பல்லுக்கு நடுவே ரப்பர். ஒரு கணுக்காலில் மட்டும் பட்டையை இறுகக் கட்டி, தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாமல் நிறுத்துகிறார்கள். சில வினாடிகள் மின்சாரம். உடம்பு துள்ளுவதில்லை. அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கிறது. அதைப் பார்த்து வலிப்பு வந்ததா என்று தெரிந்துகொள்கிறார்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாக, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை. சினிமாவுக்கு இதில் ஒன்றும் இல்லை. துடிக்கும் ஒரு பாதத்தை வைத்துக்கொண்டு எந்த டைரக்டர் என்ன செய்வார்? ஆனால் நாவலாசிரியனுக்கு அந்தப் பாதம் போதும்.

பலன் என்ன என்றால், டாக்டர்களுக்குள்ளேயே ஒரே அபிப்பிராயம் இல்லை. ஆடாமல் அசையாமல் உண்ணாமல் உறைந்துபோன நிலையில் சில தடவைகளிலேயே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார்கள். இதில் பெரிய சர்ச்சை கிடையாது. ஆனால் மனச்சிதைவுக்குப் பொதுவான சிகிச்சையாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பிரிட்டிஷ் வழிகாட்டிக் குழு 2003ல் சொல்லிவிட்டது. அமெரிக்க அரசு 2018ல் இந்த இயந்திரத்துக்கான விதியைத் தளர்த்தியபோதும் உறைந்த நிலையையும் கடும் மனச்சோர்வையும்தான் சேர்த்தது, மனச்சிதைவைச் சேர்க்கவில்லை. ஆசிய நாடுகளிலோ இது மனச்சிதைவுக்கே அதிகமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. எந்த மருந்துக்கும் மசியாதவர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் க்ளோசபின் மாத்திரையும் பலிக்காதபோது, அதோடு மின்அதிர்வையும் சேர்த்தால் பாதிப் பேர் தேறினார்கள் என்று அமெரிக்காவில் 2015ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்லுகிறது. அது 39 பேரை வைத்துச் செய்த சிறிய ஆராய்ச்சி. எந்தக் கணக்கிலும் மின்சாரம் தனியாக நின்று மனச்சிதைவைத் தீர்ப்பதில்லை. மாத்திரை தொடர வேண்டும். நிறுத்தினால் குரல்கள் திரும்பும். போதாததற்கு, சிகிச்சைக்கு முந்திய சில வாரங்களின், சிலருக்கு மாதங்களின், ஞாபகம் ஓட்டை விழுந்த துணி மாதிரி ஆகிவிடும்.

கதாசிரியர்கள் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். மின்சாரத்தை அவர்கள் ஒரு முடிவாகப் பார்த்தார்கள். ஒன்று கதை முடிகிறது, இல்லாவிட்டால் ஆள் முடிகிறான். நிஜத்தில் அது நடுவில் வரும் ஒரு சமாசாரம். அதற்குப் பிறகுதான் கதையே இருக்கிறது. எட்டாவது தடவை முடிந்து ரயிலில் திரும்பும்போது, தினம் பார்த்த பொன்னேரி ஸ்டேஷனைப் பார்த்து "இது எந்த ஊரு?" என்று பையன் கேட்கிறான். "பொன்னேரிடா" என்கிறாள் தாய். சுவருக்குள் சூப்பர்வைசர் பேசினாரே, அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க அவளுக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. வீட்டில் வயசுக்கு வந்த தங்கை இருக்கிறாள். ஆலையில் அவன் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. மாத்திரை தின்றால் தூக்கம் வருகிறது; உருட்டாலையில் தூங்கி வழிகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? இதில் கொடுமைக்கார டாக்டர் யாரும் இல்லை. இருந்தும் கஷ்டத்துக்குக் குறைவில்லை.

தெளிந்தவனை யாரும் நம்புவதில்லை என்ற ஒரு விஷயத்தை மட்டும் நம் சினிமா நன்றாகச் செய்திருக்கிறது. 1999ல் பாலா எடுத்த 'சேது'வில் மின்சாரம் இல்லை, சங்கிலி இருக்கிறது. புத்தி திரும்பிய சேது, தான் சரியாகிவிட்டதைச் சொல்லிப் பார்க்கிறான். கேட்க ஆள் இல்லை. தப்பி ஓடி, காதலி இறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, தானே அந்த இடத்துக்குத் திரும்புகிறான். காதலி சாகாமல் இருந்திருந்தால் படம் இன்னும் கடுமையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். தெளிந்த சேது அக்கிரகாரத்துக்குள் போய் எப்படிக் குடித்தனம் நடத்துவான் என்பதை எழுத அதிக தைரியம் வேண்டும்.

நாவலில் நமக்கு இருவர் இருக்கிறார்கள். கோபி கிருஷ்ணன் மனோதத்துவமும் சமூகப் பணியும் படித்தவர்; 2003ல் காலமானார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்ற அவருடைய நூலில் மனநல ஆஸ்பத்திரிவாசிகள் பேசுகிறார்கள். ஆசிரியர் குறுக்கிடாமல் கேட்கிறார். கீசியின் படம் மூலையில் தள்ளிய ப்ரோம்டன்கள் எல்லோரும் இங்கே நடுக்கூடத்தில் இருக்கிறார்கள். கதை என்று ஒன்று கூடி வரவில்லையே என்று சில விமர்சகர்கள் குறைப்பட்டதுண்டு. நோயாளியின் பேச்சுக்குக் கதைக் கட்டுக்கோப்பு கொடுத்தால் அது நோயாளியின் பேச்சாக இராது.

மற்றவர் கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம். 1993ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற 'காதுகள்' நாவலில் மகாலிங்கம் என்ற எழுத்தாளனின் காதுக்குள் குரல்கள் குடியேறுகின்றன. ஆபாசம் பேசுகின்றன, அதட்டுகின்றன, கெஞ்சுகின்றன, ஓயவே மாட்டேன் என்கின்றன. தம் சொந்த அனுபவமே அது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நோய் என்று பெயர் வைக்க நாவல் அவசரப்படவில்லை. முருகனிடம் முறையிட்டுக்கொண்டே போகிறது. டாக்டர் ஒருவர் இதைப் படித்தால் நோயின் பெயரைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவிடுவார். அதனால் நாவலின் ஓர் எழுத்தும் குறையாது. குரல் கேட்பவனுக்கு அந்தக் குரலை விட்டுவிடுவதுகூட ஒரு இழப்பாக இருக்கலாம் என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது அந்தப் புத்தகத்தைப் படித்தபோதுதான். மின்சாரத்துக்குச் சம்மதம் கேட்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குரல்கள் போன பிறகு வரும் நிசப்தத்தில் அந்த ஆள் என்ன செய்வான்?

சட்டப்படி சம்மதம் இப்போது நோயாளியுடையது. புத்தி தெளிந்திருக்கும்போதே, எனக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். ரோமாபுரியில் அந்த மனிதன் கேட்டு மறுக்கப்பட்ட உரிமை இது. காகிதத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் கும்மிடிப்பூண்டி உலைகளின் முன்னால் இன்று நிற்பவர்களில் எத்தனையோ பேர் ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஒருவனுக்குச் சுவர் பேசத் தொடங்கினால் அது ஒடியாவில் பேசும், போஜ்புரியில் பேசும். தாய் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறாள். அறைத் தோழன் அரைகுறைத் தமிழில் மொழிபெயர்க்க, டாக்டர் எழுதிக்கொள்ள, கடைசியில் ஒரு கட்டைவிரல் ரேகை. அந்த ரேகையைப் பற்றிய நாவலை எழுதக்கூடியவர் இந்நேரம் அந்தத் தகரக் கொட்டகை ஒன்றில் இருந்தாலும் இருப்பார். அவர் அதைத் தமிழில் எழுதுவார் என்பது என்ன நிச்சயம்?